மதினியின் கழுத்து

அன்று காலை கேஷுவாலிட்டியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மலையாளத்து சிஸ்டர், பாண்டேஜ் துணி சுருட்டிக்கொண்டிருந்த வார்டுபாய், முந்தைய நாள் நடந்த சாலை விபத்துக்காக வந்து பெஞ்சில் தூங்கி வழிந்துகொண்டிருந்த போலீஸ் ஹவல்தார், வெள்ளைக் கோட்டுப் போட்ட நான். இருந்திருக்க வேண்டிய டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். எங்களுக்குப் பாடம் சொல்லும் மேடம் பம்பாயிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார், அது அவருடைய நாள் இல்லை. என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த மாட்டுங்காப் பையன் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போயிருந்தான். அண்ணன் தொழிற்சாலையில் முதல் ஷிஃப்டில் இருந்தான், அம்மா தாராவியில் இருந்தாள். டெம்போவின் பின்பலகையைத் திறந்து, ஈரப் போர்வை சுற்றி மதினியை இறக்கியபோது, அவளுக்குச் சொந்தம் என்று அங்கே நான் ஒருவன்தான் நின்றேன்.

அம்பர்நாத் ஸ்டேஷனில் இறங்கி, டெம்போவில் அரை மணி நேரம் வயல்களுக்கு நடுவே போனால் வரும் ஆஸ்பத்திரி அது. பிசியோதெரபி படிக்கும் மூன்றாம் வருஷ மாணவர்களை இரண்டிரண்டு பேராக அங்கே அனுப்புவார்கள். பம்பாயில் என்றால் எலும்பு சேர்ந்த பிறகு, புண் ஆறிய பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே கை போதாது. மாட்டு வண்டியிலிருந்து விழுந்தவன், செங்கல் சூளையில் கால் நசுங்கியவள், பாம்பு கடித்துப் பயத்தில் உடம்பு விறைத்தவன் என்று யார் வந்தாலும் பிடிக்கவும் புரட்டவும் எங்களைக் கேஷுவாலிட்டியிலேயே நிறுத்திவிட்டார்கள். அண்ணனும் மதினியும் அம்பர்நாத்தில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட கட்டடத்தில், குடியிருந்தார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வேறு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. சால்காரர்கள் அதை விட்டுவிட்டு மதினியை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். பிசியோதெரபி என்ற சொல் அம்மாவின் வாயில் நுழையவில்லை, டாக்டர் என்ற சொல் சுலபமாக நுழைந்தது. மகன் டாக்டருக்குப் படிக்கிறான் என்று அவள் தாராவியில் சொன்னது அம்பர்நாத் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கொழுந்தன் டாக்டராக இருக்கும்போது அந்நியரிடம் ஏன் கொண்டுபோக வேண்டும் என்று அந்த நல்ல மனிதர்கள் நினைத்துவிட்டார்கள்.

ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தபோது தீ பீறிட்டு நைலான் சேலையின் முந்தானையைப் பிடித்திருக்கிறது. கழுத்து, மார்பின் மேல்பக்கம், வலது அக்குள், மேல்கை. முகத்தில் பட்டிருக்கவில்லை. சிஸ்டர் கத்தரிக்கோலால் துணியை வெட்டினார், டாக்டரைக் கூப்பிட வார்டுபாயை ஓடவிட்டார், நரம்பு தேடி டிரிப் போட்டார். மதினி முனகக்கூட இல்லை. தாடையை நெஞ்சோடு சேர்த்து, வலது கையை விலாவோடு ஒட்டி, குளிரில் ஒடுங்குகிற கோழியைப் போல ஒடுங்கிக் கிடந்தாள். வெந்த உடம்பு அப்படித்தான் மடங்கும், மடங்கினால்தான் வலி குறையும். நோயாளிக்குச் சுகமாக இருக்கிற நிலைதான் மூட்டு முடங்கிப்போகிற நிலை என்று மேடம் சொல்லிச் சொல்லி எங்களை உருப்போட வைத்திருந்தார். தீக்காயத்தின் புதுத்தோல் சுருங்கிக்கொண்டே வளரும், எப்படி மடங்கிக் கிடக்கிறோமோ அப்படியே ஒட்டிக்கொள்ளும், ஆகவே முதல் மணி நேரத்திலேயே கழுத்தைப் பின்னால் சாய்த்துவிட வேண்டும் என்பது பாடம். டிரிப்பில் எவ்வளவு போக வேண்டும், எந்த ஊசி போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. என்னை நம்பி டெம்போ பிடித்து வந்தவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது இந்த ஒரு பாடம்தான்.

ஆனால் அது மதினி. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் என்னிடம் எவ்வளவோ கேலி பேசியிருக்கிறாள், கொழுந்தனாரே கொழுந்தனாரே என்று என் மெலிந்த உடம்பைப் பற்றிப் பாட்டுக் கட்டுவாள். இருந்தும் தட்டை நீட்டும்போதுகூட என் விரல் அவள் விரலில் பட்டதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி, பேச்சுக்கு அளவில்லை, கைக்கு எல்லை உண்டு. நான் சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டருக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தன. ஒரு கம்பளியை மடித்துச் சுருட்டி அவளுடைய தோள்பட்டைகளுக்கு அடியில் தள்ளினேன். பின்தலையை உள்ளங்கையில் ஏந்தி மெதுவாகக் கீழே விட்டேன்.

“தல பின்னால போகட்டும் மதினி.”

“வலிக்கி தம்பி.”

“வலிக்கும். போகட்டும்.”

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தலை பின்னால் சாய்ந்தது. கையையும் விலாவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் நீட்டி, அடியில் ஒரு பலகை வைத்துக் கட்டினேன். டாக்டர் ஓடி வந்து பார்த்தபோது நான் அப்படியே அவள் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை விலக்கவில்லை.

இளம் மனைவி ஒருத்தி தீயில் வெந்து வந்தால் போலீஸ் கேட்காமல் விடாது. ஹவல்தார் தூக்கம் தெளிந்து எழுந்து வந்தார். நான் கணவனின் தம்பி என்று தெரிந்ததும், மொழிபெயர்க்கிறேன் என்ற என்னை வெளியே போகச் சொன்னார். அவர் செய்தது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது முகம் சுட்டது. தமிழ் கொஞ்சம் தெரிந்த சிஸ்டர்தான் கேட்டுச் சொன்னார். ஸ்டவ்வுதான், வேறு யாரும் அறையில் இல்லை என்று மதினி சொன்னாளாம். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது என்று நினைத்தேன். அது தாராவிக்குப் போய், வேறு வேஷத்தில் திரும்பி வரும் என்று அப்போது தெரியாது.

அம்மா மறுநாள் காலை முதல் வண்டி பிடித்து வந்தாள். ஒரு கையில் கஞ்சித் தூக்கு, இன்னொரு கையில் பழைய சேலையில் சுற்றிய இலவம்பஞ்சுத் தலையணை. வீட்டில் இருந்த ஒரே நல்ல தலையணை அது, விருந்தாளிக்கு மட்டும் எடுப்பது. மருமகளைப் பார்த்தாள். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். பிறகு முதல் வேலையாகத் தலையை உயர்த்தித் தலையணையைச் சொருகினாள். மதினியின் முகம் அப்படியே தளர்ந்தது, இரவெல்லாம் தூங்காதவள் தூங்கப் போனாள். நான் தலையணையை உருவினேன்.

“ஏல, பிள்ள தலைக்கு ஒண்ணுமில்லாம கட்டையில கிடக்க மாதிரி கிடக்கா. இதா ஒனக்குப் படிச்சுக் குடுத்தாவ?”

எடுத்துச் சொன்னேன். தோல் சுருங்கும் என்றேன், ஒட்டிக்கொள்ளும் என்றேன். அம்மா கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள், நான் வேறு கட்டிலுக்குப் போனதும் தலையணையைத் திரும்ப வைத்தாள். மூன்று நாள் இப்படியே நடந்தது. நான் எடுப்பேன், அவள் வைப்பாள். சிஸ்டர் திட்டிப் பார்த்தார், அம்மாவுக்கு மலையாளம் புரியாததாகிவிட்டது. மேடம் வந்த அன்று தலையணை கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது, மேடம் போனதும் ஏறி உட்கார்ந்தது. மதினியும் அதைக் கண்ணாலேயே கேட்பாள் என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் வரும்போது அவள் பார்வை என் மேல் இருக்காது, அம்மா தலையணையை எங்கே வைத்திருக்கிறாள் என்பதில் இருக்கும்.

நான்காம் நாள் அம்மா மருந்து வாங்கும் ஜன்னலில் வரிசையில் நின்றாள். திரும்பி வரும்போது நடை வேறாக இருந்தது. கட்டிலின் பக்கத்தில் நின்று, தூங்குகிற மருமகளைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

“எனக்கு முன்னால ஒருத்தி நின்னா. ஆதிவாசிப் பிள்ள போலிருக்கு, சின்ன வயசு. தாட நெஞ்சோட ஒட்டிப்போய்க் கிடக்கு. கீழுதடு இழுத்து எச்சி வடியுது. சன்னல்ல இருக்கவன் மூஞ்சியப் பாக்கணும்னா இடுப்ப வளச்சு, பின்னால சாஞ்சு, விழுந்துருவா போல நிக்கா. அப்புறம் இடுப்புல இருந்த பிள்ளயத் தூக்கிக் காட்டி, அது கையில சீட்டக் குடுத்து வாங்குதா.” பார்வை தலையணைக்குப் போயிற்று. “அவளும் ஸ்டவ்வாம்ல.”

மதினியின் தலையை இரண்டு கையாலும் தூக்கித் தலையணையை எடுத்தாள். மதினி விழித்துக்கொண்டு, அத்தை, அத்தை என்று கெஞ்சினாள். அம்மா அந்தத் தலையணையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் இரக்கப்பட்டு எடுத்து வைத்துவிடக் கூடாதென்று, அதற்குப்பின் அவள் எழுந்து போகும்போதெல்லாம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போனாள். பாத்ரூமுக்குக்கூட.

புண் ஒரு பங்கு ஆறியதும் பம்பாயில் ஒரு முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்திலும் அக்குளிலும் ஒட்டினார்கள். ஒட்டியது பிடித்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிய அன்று அம்பர்நாத் அறைக்குப் போக வேண்டாம், தாராவியில் எங்களோடு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எங்கள் கோலி பத்தடிக்குப் பன்னிரண்டடி, வீடே அந்த ஒரே அறைதான். அதில் அப்பா, அம்மா, நான். இப்போது மதினி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து அண்ணனும் வருவான்.

எல்லோரும் நினைத்தது தோல் ஒட்டியதோடு கதை முடிந்தது என்று. எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது என்பதை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒட்டிய தோல் ஒரு வருஷத்துக்குச் சுருங்கப் பார்க்கும். தூங்குகிற நேரமெல்லாம் அது தன் வேலையைச் செய்யும், விழித்திருக்கிற நேரமெல்லாம் நாம் நம் வேலையைச் செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன், சாயங்காலம், படுக்குமுன் என்று இழுத்து நிறுத்தினால்தான் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ஒருமுறை போனால் போதாது. நான் காலேஜுக்குப் போகிறவன், அதோடு கொழுந்தன். அப்பா தோல் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், விடிவதற்குள் போய்விடுவார். மிச்சம் இருந்தது அம்மா.

அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க என் கழுத்தைத்தான் கொடுத்தேன். இரண்டு டிரங்குப் பெட்டிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஜமக்காளம் விரித்து, தோள்கள் விளிம்பில் இருக்க, தலை வெளியே தொங்க, நான் மல்லாந்து படுத்தேன். வாயை மூடச் சொல்லி, ஒரு கையை நெஞ்சில் ஊன்றி, இன்னொரு கையைத் தாடையின் அடியில் கொடுத்து, வெட்டி இழுக்காமல் சீராக அழுத்திக்கொண்டே போக வேண்டும். வலிக்கிறது என்றதும் விட்டுவிடக் கூடாது, அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். அம்மாவின் கை பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தடித்த கை, சாம்பல் வாசனை அடித்தது. இன்னும் அழுத்தும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன் கழுத்து முறிஞ்சா பரீச்சைக்கு யாருல போவா என்றாள். மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மதினி, தீப்பட்ட நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்தால் கழுத்துத் தோல் இழுக்கும், அதனால் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் சந்தில் துணி காயப்போடும் கம்பி கூரைக்கு மேலே, எதிர் வீட்டு மாடித் தூணிலிருந்து வரும். கழியின் நுனியில் ஈரச் சேலையை மாட்டி, தலையை நன்றாக அண்ணாந்து, கையை முழுக்க உயர்த்தி, கம்பியில் போட்டு இழுத்துவிட வேண்டும். பெண்கள் எல்லோரும் அதைப் பேச்சுக்கு நடுவே செய்துவிட்டுப் போவார்கள். அவளோ தன் துணியை மாமியார் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் என்னிடம், அந்தக் கம்பிய எப்ப தம்பி நான் முழுசாப் பாப்பேன் என்று கேட்டாள். கம்பியைத் தொடுவது எப்போது என்றுகூடக் கேட்கவில்லை, பார்ப்பது எப்போது என்று கேட்டாள். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே அவளுடைய விரல்களையே வைக்கச் சொல்லி அளந்து, நாலு விரல் இடைவெளி இருக்கிறது, எட்டு விரல் ஆனதும் என்றேன். அன்றிலிருந்து விரலை வைத்து அளப்பது அவள் வேலையாயிற்று.

அம்மா மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் போகிறவர்கள் வீடு, காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். இரவெல்லாம் சுருங்கிய தோலை இளக்க வேண்டிய நேரமும் அதுதான். இரண்டு வாரம் இரண்டையும் செய்து பார்த்தாள். பிறகு ஒருநாள் போய் மூன்று வீட்டிலும் நின்றுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தாள். எங்களிடம் கேட்கவில்லை. மாட்டுங்கா மாமிகளில் ஒருவர், பத்து வருஷமா வந்துண்டிருக்காய், இப்படித் திடீர்னு நின்னா நான் யாரைத் தேடுவேன் என்று வருத்தப்பட்டாராம். மருமகளுக்கு வைத்தியம் என்று சொன்னபோது, மாமியார் செய்கிற வைத்தியமா என்று சிரித்தாராம்.

அந்தச் சிரிப்பு எங்கள் சந்திலும் இருந்தது, வேறு மாதிரி. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். தினமும் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் நிற்பவர்களுக்கு எங்கள் கோலியிலிருந்து மதினியின் அலறல் கேட்டது. விடுங்க அத்தை, செத்துருவேன் அத்தை என்று அவள் கத்துவாள். அம்மா விடமாட்டாள், வாயைத் திறந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டாள். தீயில் வெந்த மருமகள், கழுத்தைப் பிடித்து இழுக்கும் மாமியார், பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் என்று சொல்லும் கொழுந்தன். கேட்டவர்கள் என்ன நினைப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “ஸ்டவ்வு பாதியில விட்டத மாமியாக்காரி முடிக்கப் பாக்கா.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “ஆமா, கழுத்தத்தான் முறிக்கேன். வா, வந்து காலப் புடிச்சுக்கோ, ஒருத்தியா முடியல” என்றாள். அந்தப் பெண் வரவில்லை. ஆனால் அதற்குப்பின் குழாயடியில் அம்மாவின் குடத்துக்கு யாரும் இடம் பிடித்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் உட்காரும் பாயில் இரண்டு பக்கமும் இடம் விட்டார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாப் பாட்டையும் பாடினாள்.

அண்ணன்தான் தளர்ந்தான். சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு விடியற்காலை அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வருவான். போதும்ல, கழுத்து கொஞ்சம் கோணலா இருந்தாத்தான் என்ன, நான் வேண்டாம்னா சொல்லப் போறேன் என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். அவன் நல்லவன், அன்பில்தான் சொன்னான். ஆஸ்பத்திரியில் அம்மா கொண்டுவந்த தலையணையும் அன்புதான். நான் அவனைக் கோபிக்கவில்லை. எட்டு விரல் ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன்.

பேச்சு மதினியின் தாய்வீடு இருந்த செம்பூருக்குப் போய்விட்டது. மதினியின் அப்பா அணுசக்தி நகரில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். மரியாதைப்பட்ட மனிதர், சத்தம் போட்டுப் பேசிப் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த நேரம், டாக்ஸி எடுத்துக்கொண்டு வந்தார். டாக்ஸியைச் சாலையில் நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்து வந்தார், இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே வந்து உட்காரவில்லை.

“பிள்ள கத்துதது செம்பூர் வரைக்கும் கேக்குது சம்பந்தியம்மா” என்றார். “கூட்டிட்டுப் போறேன். நோய் நொடின்னா தாய்வீட்டுக்குப் போறதுதான வழக்கம். கொஞ்ச நாள் நிம்மதியாக் கிடக்கட்டும்.”

நான் பேசினேன். தோல், சுருக்கம், ஒரு வருஷம், இப்போது விட்டால் என்ன ஆகும் என்று வேகமாகச் சொன்னேன். என் கையில் பாடப்புத்தகம்கூட இருந்தது என்று நினைக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நீ படிச்ச பிள்ள, ஒன் அம்மைய விட்டுக்குடுக்க மாட்ட, அது எனக்குத் தெரியும் என்றார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு மாசம் போயிட்டுதான் வரட்டுமே என்றான். அம்மாவை எல்லோரும் பார்த்தார்கள். அவள் போகவிடமாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வாசலில் நின்றவர்கள் நினைத்தது உறுதியாகியிருக்கும், போ என்றால் கழுத்து போய்விடும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மௌனமாக இருந்ததை நான் அதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், பயந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு மாதம் போதும் என்று எனக்குத் தெரியும், ஒட்டிக்கொள்வதற்கு. மேடத்திடம் அப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி கத்தி, மறுபடி தோல், இரண்டாம் தடவை எடுக்கத் தொடையிலும் நல்ல தோல் அதிகம் மிச்சமில்லை.

மதினி டிரங்குப் பெட்டியிலிருந்து எழுந்தாள். அப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். அவர் உயரமான மனிதர், அவர் முகத்தைப் பார்க்க அவள் தலையை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தினாள். கழுத்தில் அந்தத் தோல் கயிறு போலப் புடைத்து நின்றது, கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனாலும் அவர் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

“நான் வரலப்பா. அங்க வந்தா அம்ம எனக்குத் தலையணை குடுப்பா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “நானும் வேண்டாம்னு சொல்லமாட்டேன்.”

அவருக்கு அது விளங்கியிருக்க வழியில்லை. அழைத்துப் போக வந்த தகப்பனிடம், சந்தில் அத்தனை பேர் கேட்க, பெற்ற மகள் வரமாட்டேன் என்றாள். அவருக்கு எட்டியது அவ்வளவுதான். மகளின் தலையில் கை வைத்தார், திரும்பி நடந்தார். காலி டாக்ஸியில் ஏறிப் போவதைச் சந்து முழுக்கப் பார்த்தது. அதற்குப்பின் அவர் வரவில்லை. மதினியின் தங்கைக்குச் சர்ச்சில் திடப்படுத்தல் ஆராதனை நடந்தபோது எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. மதினியின் அம்மா மட்டும் இரண்டொரு முறை மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு வருவதாகச் சொல்லி வந்து, ஓரமாக நின்று மகளைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் போன அன்று மத்தியானம் மதினி தானாகவே பெட்டியின் விளிம்பில் தோளை வைத்துப் படுத்து, வாங்க அத்தை என்றாள். அன்றைக்கு அம்மா கையைப் பட்டும் படாமலும் வைத்தாள். அழுத்தம் போதவில்லை என்று மதினிதான் சொன்னாள். அதற்குப்பிறகு அவள் கத்தவில்லை என்று எழுதினால் பொய். கத்தினாள். ஆனால் விடுங்க என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். வலியில் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கெட்ட வார்த்தைகள் இரண்டு மூன்று புதிதாகச் சேர்ந்தன, அவை மாமியாரைக் குறித்தவை இல்லை என்று பிறகு சத்தியம் செய்வாள். அம்மா சிரித்துக்கொண்டே அழுத்துவாள். ஐந்து விரலாயிற்று, ஆறாயிற்று, ஆறிலேயே வெகுநாள் நின்று எங்களைப் பயமுறுத்தியது, பிறகு நகர்ந்தது. மேடம் ஒருநாள் அவளை வகுப்பில் நிறுத்தி மாணவர்களுக்குக் காட்டி, இந்தக் கழுத்துக்கு யார் தெரபிஸ்ட் என்று கேட்டார். மதினி வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் காட்டினாள்.

இப்போது நான் செம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். தீக்காயம் ஆறி வருகிறவர்களில் பாதிப் பேர் தாடை நெஞ்சைத் தொட வருகிறார்கள், கூட வருகிற தாய்மார்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டோம், அசையவே விடவில்லை என்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை. யார் வீட்டில் கை தடித்த ஆள் இருக்கிறார் என்று கேட்டு, அவரை வரச்சொல்லி, என் கழுத்தைக் கொடுத்துப் பழக்குகிறேன். சிலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். அலறலைக் கேட்டுக்கொண்டே கையை எடுக்காமல் இருப்பது எத்தனை பேரால் முடியும், அதுவும் ஊர் தன்னைக் கொலைகாரி என்று பேசும்போது. அந்த வருஷம் அம்மா செய்ததை முதலில் கொடுமை என்றார்கள். கழுத்து நிமிர்ந்த பிறகு அதே ஆட்கள் பாசம் என்றார்கள். இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் மதினியின் அப்பா வந்தார். டாக்ஸி இல்லை, பஸ்ஸில் இறங்கி நடந்து வந்திருந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அழைக்க வந்தவர். வாசலுக்கு இன்னும் நாலு வீடு இருக்கும்போதே நின்றுவிட்டார். மதினி சந்தில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். கழியில் சேலையை மாட்டி, வலது கையை முழுக்க உயர்த்தி, தொண்டை தெரிய அண்ணாந்து, கம்பியில் போட்டு இழுத்தாள். பக்கெட்டில் இருந்த துணி தீரும்வரை அவர் நின்று பார்த்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அழைப்பிதழைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். போவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

“சம்பந்தியம்மா, அந்த வருசம் இதுக்கு ஒங்களுக்கு எவ்வளவு போச்சு?”

அண்ணன் பதறிப்போய், என்ன மாமா இதெல்லாம் கேட்டுக்கிட்டு என்றான். எங்களில் யாரைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்போம், அதுதான் மரியாதை. அம்மா அப்படிச் சொல்லவில்லை. அவள் செய்தது வேலை என்று நினைத்து அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவர் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டாள், குறைந்ததை மறுவாரம் தன் மகனிடம் கொடுத்தனுப்பினார். ஆனால் அதெல்லாம் அவள் பதில் சொன்ன பிறகு நடந்தது. யோசிக்காமல், கூட்டிப் பார்க்காமல், வெகுநாளாகக் கையிலேயே வைத்திருந்ததைக் கொடுப்பது போலச் சொன்னாள்.

“மாட்டுங்காவுல மூணு வீட்ட விட்டேன் அண்ணாச்சி. பதினோரு மாசம். தீவாளிக்காசு சேக்காம, ரெண்டாயிரத்தி இருநூறு ரூவா.”